சங்கிலி அண்ணாச்சியின் பல்லுக்குத் தீத்தாரப்பன் போன கதை

பொட்டல்விளைக்காரர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று பக்கத்து ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது வீண் பழி. அந்த ஊரில் மொத்தமே நாலு பேர்தான் அப்படி. நாலு பேரும் ஒரே அடுப்பைச் சுற்றி வேலை பார்த்ததால் புகை கொஞ்சம் தூரத்துக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

கல்யாண வீடுகளுக்குச் சீர் முறுக்கு சுட்டுக் கொடுப்பது அவர்கள் தொழில். தலைவர் சங்கிலி அண்ணாச்சி. மாவு பிசைகிறவன் கோமதிநாயகம். கோஷ்டிக்கு மூளை தான்தான் என்று அவனே சொல்லிக்கொள்வான். மறுத்துப் பேச மற்றவர்களுக்குத் தெரியாது. அடுப்பெரிப்பவன் உய்க்காட்டான். முறுக்குச் சுற்றுகிறவன் தீத்தாரப்பன். அவன் கொட்டைப்பாக்கைப் பல்லாலேயே உடைப்பான், சோடா மூடியைத் திறப்பான், அவசரத்துக்குக் கட்டுக்கம்பியையும் கடித்து முறித்துக் கொடுப்பான்.

மூன்று பேரும் சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள். ஒருமுறை அல்வா கிண்டக் கொடுத்துவிட்டு, "நான் வாரது வரைக்கும் கரண்டிய நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வெளியே போனார். போன இடத்தில் மைத்துனர் விடவில்லை. மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால் மூவரும் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த அல்வாவைத்தான் இன்றைக்கும் மாட்டாஸ்பத்திரிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மற்ற இடங்களில் முறுக்குக்குப் பதம் பார்ப்பதென்றால் நிறத்தைப் பார்ப்பார்கள், எண்ணெயில் நுரை அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். இங்கே காதால் பார்ப்பார்கள். முதல் முறுக்கை அண்ணாச்சி இடது கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார்கள். 'படக்' என்று வந்தால் பதம். 'பொதுக்' என்றால் இன்னும் வேக வேண்டும். 'கடக்' என்றால் கைமீறிவிட்டது. இப்படிச் சுட்டுத்தான் சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கியிருந்தார்கள். ஆக, கோஷ்டியின் பேர், சோறு, மரியாதை எல்லாம் அண்ணாச்சியின் அந்த ஒரு பல்லின்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பல் ஒரு திங்கட்கிழமை காலையில் வலிக்க ஆரம்பித்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அரிசி மில் ஆவுடையப்பன் மகள் கல்யாணம். வெள்ளிக்கிழமை முறுக்கு சுட வேண்டும்.

நாலு பேரும் பஸ் ஏறி டவுனுக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டாக்டர் மங்கையர்க்கரசியின் பல் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், பிறகு நிதானமாகச் சொன்னார்: "சொத்தை உள்ள நரம்பு வரைக்கும் போயிடுச்சு. வேர் சிகிச்சை பண்ணி, மேல கேப் போட்டுட்டா பல்லைக் காப்பாத்திடலாம். தள்ளிப்போட்டா பிடுங்க வேண்டியதுதான்."

பல் போனால் சொல் போகும் என்பார்கள். அண்ணாச்சிக்குச் சோறே போகும்.

"கண்டிப்பாப் பண்ணித்தான் ஆவணுமா, டாக்டரம்மா?"

"சந்தேகமா இருந்தா இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுப் பாருங்க. தப்பே இல்ல. ஆனா அதுவரைக்கும் இந்தப் பக்கம் கடிக்காதீங்க" என்று சொல்லி அண்ணாச்சியின் இடது கன்னத்தை நோக்கி விரலை நீட்டினார்.

கன்னத்துக்கு அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு. மூன்று பேரும் விரல் காட்டிய திசையை நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார்கள். அன்று மத்தியானம் ஓட்டலில் அண்ணாச்சியைப் பஸ் ஸ்டாண்டுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து வடை வாங்கிக் கொடுத்தார்கள். கடித்தவர் அலறிய அலறலில் பக்கத்து மேஜைக்காரர் காப்பியைத் தன் மடியில் கொட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் திரும்பிட்டீய அண்ணாச்சி. அதான்" என்றான் உய்க்காட்டான்.

ஊர் திரும்பியதும் அடுப்படியில் ஆலோசனை நடந்தது.

"எனக்கு அந்தம்மா மேல நம்பிக்கை வரல" என்று கோமதிநாயகம் ஆரம்பித்தான். "பல்லு டாக்டர்கிட்டப் போனோம். பல்லுல குத்தம்னு சொல்லுதாவ. இது என்ன அதிசயம்? முழங்கால்ல குத்தம்னு சொல்லியிருந்தா, சரி, தனக்கு ஆதாயம் இல்லாத விசயத்தச் சொல்லுதாவளேன்னு நம்பலாம்."

"நெசந்தான் வே" என்றான் தீத்தாரப்பன். "அப்ப இன்னொரு டாக்டர்கிட்ட அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போவோமா?"

"அங்கதான் சூட்சுமம் இருக்கு" என்றான் கோமதிநாயகம். "அதே அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போனா அவரும் அதே பல்லத்தான் பாப்பாரு. அதே பல்லப் பாத்தா அதையேதான் சொல்லுவாரு. அதுக்கு எதுக்கு இன்னொரு டாக்டரு? வேற அபிப்பிராயம் வேணும்னா வேற பல்லக் கொண்டு போவணும்."

உய்க்காட்டான் விறகைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். இதில் ஏதோ இடிப்பது போலத்தான் அவனுக்கும் இருந்தது. ஆனால் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தீத்தாரப்பன் டவுனில் இருந்த இன்னொரு பல் டாக்டர் ஜெபசிங்கிடம் போனான். அண்ணாச்சிக்காகப் போகிறோம் என்ற பொறுப்பில் அண்ணாச்சியின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான், கன்னத்தைப் பிடித்துக்கொண்டான், பேர் கேட்டதற்கு "சங்கிலி" என்றான். வயது கேட்டதற்கு அண்ணாச்சியின் வயதைச் சொன்னான். டாக்டர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். ஆள் நல்ல உடம்பை வைத்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்துவிட்டு ஜெபசிங் சொன்னார்: "ஐயா, உங்களுக்கு ஒரு வைத்தியமும் தேவையில்ல. இப்படிப்பட்ட பல்லை நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன்."

செய்தி வந்து சேர்ந்ததும் அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏலே, என் பல்லுக்கு ஒண்ணும் இல்லையாமா? அந்தாளு வாயாலயே சொன்னாரா?"

"சத்தியமா அண்ணாச்சி. புத்தகத்துல போடுத பல்லுன்னாரு."

அந்தச் சந்தோஷத்தில் வெள்ளோட்டமாகக் கொஞ்சம் முறுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அண்ணாச்சி இடது கடைவாயில் வைத்துக் கடித்தார். மூவரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள்.

"ஐயோ அம்மா!" என்று வந்தது சத்தம்.

மூவரும் கண்ணைத் திறக்காமலே யோசித்தார்கள்.

"இது என்ன பதம் வே? இதுவரைக்கும் கேட்டதில்லையே" என்றான் உய்க்காட்டான்.

"தீ கூடிப்போச்சு. 'கடக்'கையும் தாண்டிப் போயிருச்சு" என்றான் கோமதிநாயகம்.

தீயைக் குறைத்துச் சுட்டார்கள். "ஐயோ அம்மா!" இன்னும் குறைத்தார்கள். "ஐயோ அம்மா!" கடைசியில் பச்சை மாவையே சுற்றிக் கொடுத்தார்கள். அதற்கும் அதே சத்தம். மாவில்தான் கோளாறு என்று முடிவு செய்து, பிசைந்த மாவு முழுவதையும் எருமைக்கு வைத்துவிட்டார்கள். எருமை சத்தமில்லாமல் தின்றது.

புதன்கிழமை கன்னம் பணியாரம் போல வீங்கிவிட்டது. அண்ணாச்சி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை முறுக்கு சுடவில்லை என்றால் ஆவுடையப்பன் தோலை உரித்துவிடுவார். அதைவிட, இனிமேல் தன்னை எந்த வீட்டிலும் அடுப்புப் பக்கம் கூப்பிட மாட்டார்கள் என்ற நினைப்புதான் அவரை அரித்தது.

"ஒரு டாக்டர் வேணும்னுட்டாவ, ஒரு டாக்டர் வேண்டாம்னுட்டாரு" என்றான் கோமதிநாயகம். "யாரு பொய் சொல்லுதான்னு சோதிச்சிருவோம். தீத்தாரப்பன் அந்தம்மாகிட்டயும் போவட்டும். இவன் பல்லுக்கும் வைத்தியம் வேணும்னு சொன்னா அவுக புளுகுதாவன்னு அர்த்தம். வேண்டாம்னு சொன்னா அண்ணாச்சிக்கும் வேண்டாம்னு அர்த்தம். எது சொன்னாலும் நமக்குத்தான் ஜெயம்."

இவ்வளவு அழகான யோசனைக்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அன்றைக்கே மூவரும் டவுனுக்குப் போனார்கள். டாக்டர் மங்கையர்க்கரசி தீத்தாரப்பனைப் பார்த்துவிட்டு, "உங்க பல்லு நல்லா இருக்கு. ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார்.

கோமதிநாயகம் மேஜையைத் தட்டினான். "மாட்டிக்கிட்டீயளா டாக்டரம்மா! திங்கக்கிழமை வேணும்னு சொன்னீய, இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுதீய. ரெண்டு நாளைக்குள்ள பேச்ச மாத்தலாமா?"

"அது வேற ஆளுங்க! அன்னைக்கு வந்தவருக்குத்தான் பல்லு சொத்தை."

"ஆளுக்கு ஒரு நியாயமா?"

டாக்டரம்மா பொறுமைசாலி. திங்கட்கிழமை எடுத்த எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இங்க கருப்பாத் தெரியுது பாருங்க. இதான் சொத்தை."

மூவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். உய்க்காட்டான்தான் கேட்டான்: "இது எங்க அண்ணாச்சிதான்னு எப்படி நம்புதது? மூஞ்சியே விழலையே."

"மீசையும் இல்ல" என்றான் தீத்தாரப்பன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "பல்லு யாருக்கு வலிக்குதோ, அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

கட்டளை என்று வந்துவிட்டால் அவர்கள் தட்ட மாட்டார்கள். ஊருக்கு வந்து, தெருத்தெருவாக விசாரித்து, பல்வலி உள்ள ஆட்களைத் தேடினார்கள். வியாழக்கிழமை முழுவதும் தேடியும் ஒருவர்தான் கிடைத்தார். அவர் சங்கிலி அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி, வேரைச் சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். அண்ணாச்சி வெளியே வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏலே, வலி போயிட்டு" என்றார். "ஆனா என் எடது கன்னத்தக் காணல."

"கண்ணுக்குத் தெரியுதே அண்ணாச்சி" என்றான் கோமதிநாயகம்.

"தெரியும்லே. ஆனா இல்ல."

உய்க்காட்டான் உள்ளே போய் நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினான். அங்கேயும் இல்லை. நர்ஸ், சாயங்காலத்துக்குள் கன்னம் தானாக வந்துவிடும் என்று உறுதி சொன்ன பிறகுதான் பஸ் ஏறச் சம்மதித்தார்கள்.

"வேலை இன்னும் பாதி இருக்கு. திங்கட்கிழமை வந்துடுங்க. கேப் போடற வரைக்கும் அந்தப் பல்லுல எதையும் கடிக்கக் கூடாது. இப்ப போய் நல்லாத் தூங்குங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

அண்ணாச்சி வலியில்லாமல் படுத்து நாலு நாள் ஆகியிருந்தது. கொட்டாவி விட்டபடியே அடுப்பைக் காட்டி உத்தரவு போட்டார்: "எனக்குப் பதிலா தீத்தாரப்பன் கடிக்கட்டும். ஆனா ஒண்ணு. என் பல்லுல வார மாரியே 'படக்'குனு சத்தம் வராம ஒத்த முறுக்கும் எண்ணெய விட்டு வெளிய வரக்கூடாது." சொல்லிவிட்டு மாவு மூட்டைமேல் சாய்ந்தவர் மறுநாள் காலைதான் எழுந்தார்.

முதல் முறுக்கு பொன்னிறமாக மிதந்தது. அண்ணாச்சி கடித்திருந்தால் அருமையான 'படக்'. ஆனால் கடித்தது கட்டுக்கம்பியை முறிக்கிற வாய். தீத்தாரப்பன் கடிக்க, இருவரும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

'பொதுக்.'

"வேவல" என்றான் கோமதிநாயகம். மறுபடி எண்ணெயில் போட்டார்கள். செம்பழுப்பாக வந்தது. 'பொதுக்.' தேக்கு நிறத்துக்கு வந்தது. 'பொதுக்.' உய்க்காட்டான் இன்னும் ஒரு சுமை விறகை அடுப்பில் திணித்தான். எண்ணெயே புகைய ஆரம்பித்தது. கருங்காலிக் கட்டை போல ஒன்று மேலே வந்தபோது தீத்தாரப்பன் அதைக் கடைவாயில் வைத்து, கண்ணை இறுக்கி மூடி, கழுத்து நரம்பு புடைக்க ஒரு கடி கடித்தான்.

'படக்!'

மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி சத்தமே தான் வே!" என்று உய்க்காட்டான் விம்மினான். அதன் பிறகு எல்லா முறுக்கையும் அதே பதத்தில் சுட்டு, ஓலைப்பெட்டிகளில் அடுக்கிக் கட்டி மில்லுக்கார வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பெட்டிகளைத் தூக்கிய ஆட்கள் முறுக்கா, தண்டவாளமா என்று கேட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டி முடிந்து பந்தலில் முறுக்குக் கொடுத்தார்கள். பேர் பெற்ற பொட்டல்விளை முறுக்கு ஆயிற்றே, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்தலின் நாலு மூலையிலிருந்தும் 'படக், படக்' என்று சத்தம் எழும்பியது. சமையல் கொட்டகையில் மூவரும் கண்ணை மூடி அதை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பாதி முறுக்கினுடையது இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆவுடையப்பன் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையை நீட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தார். கழுத்தைப் பிடிக்கத்தான் வந்தார். பாராட்டக் கட்டிப்பிடிக்க வருகிறார் என்று நினைத்து கோமதிநாயகம் முந்திக்கொண்டு கட்டிப்பிடித்துவிட்டான். அவர் ஏதோ சொன்னார். முன்பல் இல்லாததால் காற்றுதான் வந்தது.

"சந்தோசத்துல பேச்சு வரல பாத்தியா, பாவம்" என்றான் உய்க்காட்டான்.

டாக்டரம்மா சொன்னபடி வெறும் இட்லியை மட்டும் விழுங்கியதால் அண்ணாச்சி அந்த முறுக்கைத் தொடவே இல்லை.

திங்கட்கிழமை நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனால் கூட்டம் வாசலைத் தாண்டி ரோடு வரை நின்றது. எல்லாம் கல்யாண வீட்டு ஆட்கள். மாப்பிள்ளை ஒரு கன்னத்தைப் பிடித்திருந்தார், பொண்ணு இன்னொரு கன்னத்தைப் பிடித்திருந்தது. உள்ளே போய்விட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒருவருக்கு வேர் சிகிச்சையாம். ஒருவருக்குக் கேப்பாம். ஆவுடையப்பனுக்கு வரிசையாக மூன்று பல் கட்ட வேண்டுமாம்.

கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அண்ணாச்சியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"கேட்டீயளா அண்ணாச்சி? ஒருத்தருக்குப் பல்லு கெடும். ரெண்டு பேருக்குக் கெடும். ஒரு கல்யாண வீட்டுக்கே ஒரே நாள்ல கெட்டுப்போவுமா? நாம அன்னைக்கே சந்தேகப்பட்டோம்லா. இந்தம்மா வந்தவனுக்கெல்லாம் இதையேதான் சொல்லுதாவ!"

"நல்லவேள, பாதியில முழிச்சோம்லே" என்றார் அண்ணாச்சி.

"ஆனா ஒண்ணு இடிக்கி" என்றான் உய்க்காட்டான். "தீத்தாரப்பனுக்கு மட்டும் வேண்டாம்னாவளே. ஏன்?"

மூவரும் மெதுவாகத் தீத்தாரப்பன் பக்கம் திரும்பினார்கள்.

"ஊரே ஏமாறுது. ஒன்ன மட்டும் தப்பிக்க விட்டுருக்காவ" என்றான் கோமதிநாயகம். "உண்மையச் சொல்லு. அந்தம்மா ஒனக்கு என்ன வேணும்?"

தீத்தாரப்பனுக்கு அவமானம் தாங்கவில்லை. "நான் உங்களுக்குத் துரோகம் பண்ணுவனா வே?" என்று தேம்பிக்கொண்டே வரிசையைப் பிளந்து உள்ளே ஓடினான். "டாக்டரம்மா, எனக்கும் வைத்தியம் பாருங்க!"

"உங்களுக்கு எதுவும் வேண்டாம்னு சொன்னேனே!"

"எனக்கு அதுலதான் சந்தேகமா இருக்கு" என்றான்.

டாக்டரம்மாவுக்கு அன்று உட்கார நேரமில்லை. "அப்ப வேற டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, போங்க!" என்று கத்தினார்.

கட்டளை வந்துவிட்டது. முறையும் அவர்களுக்குத் தெரியும். தீத்தாரப்பனின் பல்லுக்கு வேற அபிப்பிராயம் வேண்டுமென்றால் வேற பல்லைத்தான் கொண்டுபோக வேண்டும். அண்ணாச்சி பெரிய மனதோடு தீத்தாரப்பனின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஜெபசிங்கிடம் போனார். பேர் கேட்டதற்கு "தீத்தாரப்பன்" என்றார்.

ஜெபசிங் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் பதறினார். "யாரோ வேலையைப் பாதியில விட்டிருக்காங்க. இதை உடனே முடிச்சாகணும்." அங்கேயே முடித்தார். உள்ளே அடைத்து, மேலே பூசி, கேப்புக்கு அளவும் எடுத்து அனுப்பினார்.

வெளியே காத்திருந்தவர்களிடம் அண்ணாச்சி ஓடிவந்தார். "ஏலே தீத்தாரப்பா, ஒன் மானம் பொழச்சிது! ஒன் பல்லு சொத்ததானாம். வைத்தியமும் பாத்தாச்சு!"

கோமதிநாயகம் தீத்தாரப்பனின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். தீத்தாரப்பன் தன் இடது கன்னத்தை ஆசையாகத் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டான். "இப்பத்தான் அண்ணாச்சி வலி விட்டுருக்கு."

"கேப் வாரது வரைக்கும் அந்தப் பக்கம் எதையும் கடிக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லியிருக்காரு. கஞ்சிதான் குடிக்கணும், கேட்டியா?"

ஊருக்கு வந்ததும் தீத்தாரப்பனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். அவனும் பத்தியம் கெடாமல் வலது பக்கமாகத் தலையைச் சாய்த்து உறிஞ்சினான். கல்யாண வீட்டில் மீந்த முறுக்கு ஒரு பெட்டி பக்கத்தில் இருந்தது. அவன் அதை ஏக்கத்தோடு பார்ப்பதைக் கண்டு அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை.

"கவலப்படாதலே. ஒன் பல்லு தேறுத வரைக்கும் ஒனக்காக நான் கடிக்கேன்" என்று சொல்லி, உள்ளதிலேயே கருப்பான ஒன்றைத் தேடி எடுத்து, இடது கடைவாய்ப் பல்லில் வாகாக வைத்தார்.